ஏலேலோவின் நீளம்

அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. கை ஓங்கிப் பார்த்ததும் இல்லை. அவருக்கு முன்னால் எங்கள் கயிற்றுக் கிட்டங்கியில் இருந்த மானேஜர் வாயைத் திறந்தால், காயல் நாற்றமே தேவலை என்று தோன்றும். பிரம்பு வைத்திருந்தார், ஆத்திரம் வந்தால் அதை எறியவும் செய்வார். அந்த மனிதரை நான் மன்னித்து எத்தனையோ வருடமாகிறது. இவரைத்தான் முடியவில்லை. எழுபது தாண்டிவிட்டேன், இனிமேல் முடியும் என்ற நம்பிக்கையும் இல்லை.

மகாராஜா காலம் அது. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் காயலை ஒட்டி, நார் அடித்துக் கயிறு சேர்த்து வைக்கும் அந்தக் கிட்டங்கி இருந்தது. தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் கதம்பை என்போம். அதை மாதக்கணக்காகக் காயலில் அமிழ்த்தி அழுக விட்டு, எடுத்துக் கல்லின்மேல் வைத்துப் புளியங்கம்பால் அடித்தால் நார் பிரியும். நாரைத் திரித்த கயிறு கொளச்சலுக்கு வண்டியில் போய் அங்கிருந்து கப்பலேறும். அடிப்பவர்கள் பெண்கள். எங்கள் கொட்டகையில் பன்னிரண்டு பேர். அவர்கள் அடித்துப் போடுவதை எண்ணி வாங்குவது என் வேலை. நாலு எழுத்துப் படித்தவன் என்பதால் எனக்கு நிழலில் இடம் கொடுத்திருந்தார்கள்.

வந்த முதல் நாளே அவர் பெண்களைப் பார்த்து, “வாங்கம்மா, இருங்கம்மா” என்றார். கூலிக்காரப் பெண்ணை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டாலே அது அன்றைக்குப் பெரிய மரியாதை. பன்னிரண்டு பேரும், பின்னால் யாரோ பெரிய வீட்டு அம்மா வருகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. தங்களைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே அவர்களை வாங்கிவிட்டார்.

வெளுத்த வேட்டி, கடைவாயில் ஒரு கிராம்பு, ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியை வேறு யாரும் தூக்க விடமாட்டார். எங்கே உட்கார வேண்டுமோ அங்கே தானே சுமந்துகொண்டு போவார். உத்தரவு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வராது. கேள்விதான் வரும். கேட்டுவிட்டு, “நான் ஒண்ணும் சொல்லேல்ல, நீங்களே சொல்லுங்க” என்பார்.

காவல்காரர் ஒருநாள் உறங்கிப்போய், கயிற்றுக் கட்டு இரண்டு களவு போயிற்று. பழைய மானேஜர் என்றால் பிரம்பால் நாலு வீசு வீசியிருப்பார், அதோடு தீர்ந்தது. இவர் காவல்காரரைக் கூப்பிட்டுத் தன் எதிரே முக்காலியில் உட்கார வைத்தார்.

“நீரு மூத்த ஆளு. நான் என்ன செய்யட்டும்? நீரே சொல்லும்.”

வேலை போய்விடக் கூடாது என்ற பயம் ஒன்றுதான் காவல்காரருக்குள் இருந்தது. “இனி ஒரு மாசம் இருக்காம நின்னுக்கிட்டே காவல் காக்கியேன் ஏமானே” என்று உளறினார்.

“ஒரு மாசமா? சேச்சே. முட்டுவலிக்காரருல்லா நீரு. பதினஞ்சு நாள் போரும்.”

காவல்காரர் அழுதேவிட்டார். நன்றியில் அழுதார். அவருடைய முக்காலி அலுவலகத்துக்குள் போயிற்று. பதினைந்து நாள் முடிந்தது, ஒரு மாதமும் முடிந்தது. திருப்பித் தரமாட்டேன் என்று மானேஜர் சொல்லவில்லை, தாருங்கள் என்று காவல்காரரும் கேட்கவில்லை. வீங்கின முழங்காலோடு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் நிற்பதை நான் ஒரு வருடம் பார்த்தேன். மானேஜரைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவர்தான் முதலில் சண்டைக்கு வருவார். “எனக்குப் பாதி தண்டனையைத் தள்ளிக் குடுத்த தெய்வம்லா” என்பார்.

ஒரு தடவை சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவியின் தங்கைக்குக் குழித்துறையில் கல்யாணம், மறுநாள் முகூர்த்தம். அந்த அம்மாள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நின்றிருந்தார். இவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “போகாண்டாம்னு நான் சொல்லேல்ல. இங்க அம்மைக்குச் சுகமில்ல, வீடு கெடக்குது. நீயே சொல்லு” என்றார். அம்மாள் பெட்டியை அவிழ்க்கத் தொடங்கினார். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தபோது, “நான்தான் போகேல்லன்னு சொல்லிட்டேன்” என்று நான் கேட்காமலே சொன்னார்.

இதெல்லாம் அவருக்கு ஒரு வித்தையாகவே இருந்தது. கொளச்சலில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தபோது படித்ததாம். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு எனக்குச் சொல்லித் தருவார்.

“ஒருத்தன் பன்னெண்டு பேரை மேய்க்கப் பாத்தான்னா பன்னெண்டு பேருமாச் சேந்து அவனை ஏமாத்துவாவ. அவங்களை அவங்களே மேய்க்கணும்வே. நமக்கு ஒரு நாக்காலி போரும்.”

நான் தலையாட்டுவேன். என்னையும் பெரிய ஆளாக மதித்துப் பேசுகிறாரே என்ற குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியில்தான் என் வாய் சும்மா இருக்காமல் போனது.

பெண்கள் பாடிக்கொண்டேதான் அடிப்பார்கள். தங்கம்மை என்று இருபது வயதுக்காரி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் தொடர்வார்கள்.

காயலிலே கெடந்து கறுத்த கதம்பையே
கையடிக்கு வெளுத்துவா கண்ணே நீ
ஏலேலோ ஏலேலோ

இப்படி நாலைந்து அடி. ஒரு பாட்டுக்கு ஒரு கதம்பை. பாட்டு முடியும்போது பன்னிரண்டு கதம்பையும் நாராகியிருக்க வேண்டும், எல்லாரும் ஒன்றாக அடுத்ததை எடுப்பார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் கையும் ஒரே கையாகுமா? யாராவது பிந்தினால் தங்கம்மை கடைசி ஏலேலோவை இழுப்பாள். அந்தக் கை முடிக்கும்வரை இழுத்துக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் கம்பைச் சும்மா தட்டிக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். பிந்தியது யார் என்று ஒருத்தியும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே அது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.

மானேஜருக்கு ஒரு வாரத்தில் காதில் விழுந்துவிட்டது. விழுந்தது, ஆனால் புரியவில்லை. என்னைக் கேட்டார்.

“அந்த ஏலேலோவை ஒரு தடவை குறுக்கி விடுகா, ஒரு தடவை நெடுகப் பிடிக்கா. அது என்னத்துக்குவே?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று அவருக்குத் தெரியவில்லை என்ற பெருமை.

“யாருக்காட்டு ரொம்ப இழுக்குகா?”

“அவ மயினிக்காட்டு ஏமானே. வலது மணிக்கட்டு கோணிப்போச்சு. நம்ம வரப்புல கதம்பை சுமந்து வரும்போது சறுக்கி விழுந்தது.”

“பாவம்” என்றார் அவர். முகத்திலும் இரக்கம் இருந்தது. “நல்ல ஏற்பாடுல்லா” என்றும் சொன்னார். அதன்பிறகு மாதக்கணக்கில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

அந்த மயினி, தங்கம்மையின் அண்ணன் மனைவி, பெயர் வள்ளியம்மை. தாய் தகப்பன் இல்லாத தங்கம்மையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அண்ணன்காரன் பனையிலிருந்து விழுந்து பாயோடு பாயாகக் கிடந்தான். தங்கம்மையின் புருஷன் கொளச்சலில் படகு வேலைக்குப் போனவன், வந்தால் உண்டு. இரண்டு பெண்களின் கை ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இதுவும் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்.

தங்கம்மைக்கு ஏழு மாதம் ஆனபோது வள்ளியம்மைதான் முதலில் எழுந்து மானேஜரிடம் போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

“ஏமானே, பிள்ளைத்தாச்சி. குனிஞ்சு அடிக்கப் பாடுபடுகா. அவ இருந்து பாடட்டும். அவ பங்கை நாங்க பதினொரு பேரும் அடிச்சுத் தாறோம்.”

“நான் சொல்லேல்ல, நீங்களே சொல்லுகிய” என்றார் மானேஜர். “முடியுமாம்மா? பதினொரு கையாலே பன்னெண்டு பேரு சோலி?”

“முடியும் ஏமானே!” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஊர் முழுக்க அன்று அவரைப் புகழ்ந்தது. அவரே தச்சனைக் கூப்பிட்டுத் தங்கம்மைக்கு உயரமாக ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். பலகையில் உட்கார்ந்தால் அவளுக்கு எல்லார் கையும் தெரியும்.

அன்பினால் செய்த காரியம்தான். என்ன செய்ய? பதினொரு பேர் பன்னிரண்டு பேரின் வேலையை அடிக்க வேண்டுமென்றால் பாட்டைக் கொஞ்சம் விரட்ட வேண்டும். விரட்டினார்கள். ஏலேலோவைக் கொஞ்சம் குறுக்க வேண்டும். குறுக்கினார்கள். தங்கள் பெண்ணுக்காகத்தானே என்று கை கொப்பளித்தாலும் சிரித்துக்கொண்டார்கள். வள்ளியம்மை மட்டும் மத்தியானக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, மிச்சம் நின்றதை அடித்து முடிப்பாள்.

தங்கம்மைக்குப் பிரசவமாயிற்று. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவள் தன் பழைய கம்பை எடுத்துக்கொண்டு கல்லின் முன்னால் உட்காரப் போனாள். மானேஜர் நாற்காலியோடு வந்தார்.

“மேல இரும்மா. நீ கீழ இறங்கி என்னத்துக்கு? பதினொரு கை போரும்னு அவங்கதானே சொன்னாவ. முடிச்சும் காட்டியாச்சே.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடியும் என்று சொன்னது அவர்கள் வாய். முடித்துக் காட்டியது அவர்கள் கை.

அடுத்த வாரம் அவர் சாயா கொண்டுவந்தார். சாயா அன்றைக்குப் பெரிய வீட்டுச் சாமான். கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து, மூடி போட்ட ஒரு பித்தளைப் பாத்திரத்தில் கொட்டகையின் நடுவே வைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் இத்தனை கதம்பை என்று ஒரு எண்ணிக்கை சொன்னார். எட்டினால் எல்லாருக்கும் சாயா, ஒன்று குறைந்தாலும் யாருக்கும் இல்லை. முதல் நாள் மூன்று குறைந்தது. பாத்திரம் மூடியபடியே திரும்பிப் போயிற்று. மறுநாள் நாலு. அதற்கடுத்த நாள் இரண்டு. நான்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

அந்தக் குறைகிற இரண்டும் மூன்றும் யார் கல்லில் நிற்கிறது என்பது யாருக்குத் தெரியாது? பத்தாவது நாளோ என்னவோ, ஏலேலோ இழுபட்டபோது ஒருத்தி திரும்பி வள்ளியம்மையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பிறகு இன்னொருத்தி பார்த்தாள். சாயா குடித்து உயிர் வாழப்போவதில்லை அவர்கள். ஆனால் கருப்பட்டி மணம் மூக்கில் ஏறுகிறது, எதிரே பாத்திரம் இருக்கிறது, பத்து வாய் ஒருத்திக்காகக் காய்கிறது. மனுஷ மனசின் அளவு அவ்வளவுதான். எனக்கும் அதில் ஒரு தம்ளர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலையில் மானேஜர் நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தக் கொட்டகைக்கு ஒரு ஆள் கூடுதல்னு கொளச்சல்லேருந்து முதலாளி எழுதியிருக்காரு. யாருன்னு நான் சொல்லேல்லம்மா. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க.”

கொளச்சலிலிருந்து வரும் காகிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துச் சொல்பவன் நான். அப்படி ஒரு காகிதம் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருத்தி கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளியம்மை கோணல் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். மானேஜர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“தங்கம்மை, மேலேருந்து உனக்குத்தான் எல்லாம் தெரியும். அந்த இழுப்பு எல்லாம் ஒரே ஒரு மணிக்கட்டுக்காட்டுதானே? நான் ஒண்ணும் சொல்லேல்ல. நீ பாடு. உன் பாட்டே சொல்லட்டும்.”

வள்ளியம்மை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் எண்ணிக்கைப் பலகையைத் துடைத்தேன்.

தங்கம்மை பாட்டெடுத்தாள். குரல் நடுங்கவில்லை. பாட்டின் அடிகள் முடிந்தன. பத்துக் கல்லிலும் நார் விழுந்துவிட்டது. வள்ளியம்மை கல்லில் பாதி நின்றது. தங்கம்மை ஏலேலோவை இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், நிறுத்தவே இல்லை. நடுவில் மூச்சு தீர்ந்தபோது மறுபடி எடுத்து இழுத்தாள். இத்தனை மாதம் குறுக்கின ஏலேலோ எல்லாவற்றையும் சேர்த்து அன்று ஒரே இழுப்பாக இழுப்பதுபோல இருந்தது. என்ன ஆனாலும் மயினியை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகமாட்டேன் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. கீழே பத்துப் பேர் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே பாத்திரம் இருந்தது. வாசலில் அவர் கிராம்பை மென்றுகொண்டிருந்தார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் அடுத்த பாட்டை எடுத்தது.

யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவளுக்கும் வீட்டில் நாலு வயிறு இருந்தது. தான் அந்தக் கூடுதல் ஆளாகிவிடக் கூடாது என்ற பயத்தில் எடுத்தாள். அவளோடு இன்னொரு குரல் சேர்ந்தது, பிறகு மூன்று, பிறகு பத்தும். மேலே தங்கம்மையின் ஏலேலோ, அதை அமுக்கிக்கொண்டு கீழே காயலிலே கெடந்து கறுத்த கதம்பை. பத்துப் பேரும் அடுத்த கதம்பையை எடுத்துக் கல்லில் வைத்துவிட்டார்கள். வள்ளியம்மை பழைய கதம்பையையே அடித்துக்கொண்டிருந்தாள். ஏலேலோ அறுந்தது.

தங்கம்மை பலகையிலிருந்து இறங்கிவந்து மயினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையிலிருந்த கம்பை வாங்கிக் கீழே வைத்தாள். மணிக்கட்டைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழவில்லை. சுற்றிலும் மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் அடித்தார்கள். இன்னும் இரண்டு பாட்டு ஓடியது. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் பாட்டும் நின்றுபோயிற்று. அடி மட்டும் நிற்கவில்லை. பாட்டு நின்றதும் இன்னும் வேகமாயிற்று.

மத்தியானம் நான் எண்ணினேன். எண்ணிக்கை எட்டியிருந்தது. பத்துக் கை, பன்னிரண்டு பேர் வேலை. பயந்து அடித்தால் ஒரு வேளைக்கு எதுவும் முடியும், ஆயுளுக்கும் முடியுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மானேஜரே எழுந்துவந்து தன் கையால் சாயாவை ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். ஊற்றிக்கொண்டே, பெண்கள் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

“ஒரு ஆள் கூடுதல்னு நெனச்சேன்வே. ரெண்டு ஆளுல்லா கூடுதலாட்டு இருந்திருக்கு.”

யாரும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நல்ல சூடு, நல்ல கருப்பட்டி.

அவர் இரண்டு வருடம் கழித்துப் பெரிய கிட்டங்கி ஒன்றுக்கு மேலாளராகப் போனார். போகிற அன்று கொட்டகை முன்னால் நாற்காலி போட்டு, “நான் எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். பத்துப் பெண்களும், “தங்கமான மனுசரு” என்றார்கள். பொய் சொல்லவில்லை, அப்படியேதான் நம்பினார்கள். மற்றதெல்லாம் தாங்களே செய்துகொண்டது என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் பாட்டே கேட்டதில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அதுவல்ல. அந்தச் சாயா தம்ளர் காலியானதும் மானேஜர் என் தோளில் கை போட்டு, “நீயே போய்ச் சொல்லிரு. உனக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்” என்றார். நான் போனேன். தங்கம்மை பால் கட்டின மாரை அமுக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வாசல் தூணருகே வள்ளியம்மை மட்டும் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை முதல் இரண்டு பேரும் வரவேண்டாம் என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வீட்டில் படுத்துக் கிடப்பவனைப் பற்றியோ கைக்குழந்தையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள். “அந்த இழுப்பு என் கைக்காட்டுன்னு ஏமானுக்கு யாரு சொன்னா? எங்க பன்னெண்டு பேருல ஒருத்தியும் சொல்லியிருக்கமாட்டா. அது எனக்குத் தெரியும்.”

அவள் கம்பை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அது கிட்டங்கிச் சாமான். கையை நீட்டி வாங்கினேன்.

“நான் ஒண்ணும் சொல்லேல்ல” என்றேன்.